அரை மணி நேர விதி

"மழை பிடிச்சுண்டுடும் போலிருக்கு. இந்த வயசுல நனைஞ்சுண்டு வரணுமா? ஆத்துலயே இருங்கோ!"

புனே தமிழ் நேசர் மன்றத்தின் செயலாளர் பட்டாபிராமன், காலையிலிருந்து நாற்பதாவது உறுப்பினருக்காகப் போனில் உருகிக்கொண்டிருந்தார். வெளியே ஔந்த் பேட்டை முழுக்க வெயில் சுள்ளென்று அடித்தது.

கரிசனமாவது, மண்ணாவது! ஒருவர் இரண்டு தடவைக்கு மேல் செயலாளராக இருக்கக் கூடாது என்பது மன்றத்தின் சட்டம். அவருக்கு இது இரண்டாவது தடவை. இன்றைய கூட்டத்தில் அந்த வரியை அடித்தால்தான் நாற்காலி நிலைக்கும்.

"இருநூறு பேர்ல ஐம்பது பேராவது வரலைன்னா, பத்தரைக்குக் கூட்டத்தை அரை மணி ஒத்திவைக்கலாம். பதினோரு மணிக்கு உள்ளே யார் இருக்காளோ, அவாதான் மன்றம். அவாள்ல மூணுல ரெண்டு பங்கு கை தூக்கினா சட்டமே மாறிடும்" என்று மன்றத்தின் மாடி ஹாலில் மனைவி ருக்மிணிக்கு விளக்கினார். முன்மொழிய அவள், வழிமொழிய அவள் தம்பி விச்சு. வேறு ஈ காக்கை இல்லை.

"பதினொண்ணுக்கு அப்புறம் யாராவது வந்தா?"

"கதவைச் சாத்தினா சாத்தினதுதான். பிரம்மாவே வந்தாலும் ஓட்டு கிடையாது!"

"அப்படியா!" என்று ருக்மிணி ஃபிளாஸ்க்கைத் திறந்தாள். ஆறு வருஷமாக ஒவ்வொரு கமிட்டி மீட்டிங்குக்கும் அவள் கையால்தான் முப்பது காப்பி.

பத்து ஐம்பதுக்கு ஜன்னலை எட்டிப் பார்த்தவர் பதறிப்போனார். சாகண் தொழிற்பேட்டையிலிருந்து ஒரு டெம்போ நிறைய உறுப்பினர்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். விழுந்தடித்துக்கொண்டு கீழே ஓடினார்.

"மீட்டிங் கேன்சல், சவரிமுத்து!"

"என்ன சார் இது! உங்களுக்கு எதிரா ஓட்டுப் போடணும்னே ஷிப்டை மாத்திக்கிட்டு வந்திருக்கோம்!"

"அடடா, பசியோட வந்திருப்பீங்களே! வாங்க, எல்லாருக்கும் வடாபாவ் நான் வாங்கித் தரேன்!"

கடைசி ஆள் வாயைத் துடைத்துக்கொண்டு டெம்போவில் ஏறும் வரை காத்திருந்து கையசைத்தார். பிறகுதான் மாடியேறினார். மணி பதினொன்றேகால். கதவு சாத்தியிருந்தது. தட்டியதும் விச்சு திறந்தான்.

"அத்திம்பேர், தீர்மானம் ஏகமனதா நிறைவேறிடுத்து!"

"நான் இல்லாமலேயா? சபாஷ்டா! அந்த வரியை அடிச்சாச்சா?"

"அடிக்கலை, திருத்திட்டோம்" என்று ருக்மிணி மினிட்ஸ் புத்தகத்தை மூடினாள். "ரெண்டு தடவைங்கறதை ஒரு தடவைன்னு. நாளைலேர்ந்து நான் போடறது நமக்கு ரெண்டே காப்பிதான்!"