தயாளனின் பிரதி

தயாளனுக்குப் பேச்சு நின்றுபோயிருந்தது. அப்படிப்பட்டவர் கடைசி நாள்களை எங்கே கழிப்பது என்பதை அவருடைய கணினிப் பிரதிதான் சொல்ல வேண்டும் என்பது சட்டம். வாழ்நாளெல்லாம் அவர் எழுதியதையும் பேசி அனுப்பியதையும் கற்றிருந்த பிரதி, மருத்துவமனைத் திரையில் அவர் குரலிலேயே பேசியது.

“மலையடிவார இல்லத்துக்கே அனுப்பிடுங்க. வீட்ல வச்சுப் பாத்தா இவ தூங்கமாட்டா.”

மனைவி சுபாஷிணி திரைக்கு முன்னால் வந்து நின்றாள். அந்த இல்லத்தில் உறவினர் தங்க முடியாது. வீட்டுக்கே வந்து கவனிக்கும் குழுவைத்தான் அவள் விசாரித்து வைத்திருந்தாள்.

“சாரே சொல்லிட்டாரேம்மா,” என்றாள் செவிலி நீலோஃபர். “வண்டி கீழ நிக்குது.”

சுபாஷிணி திரையிடம் கேட்டாள். “தனியா இருக்க பயமா இல்லையா உங்களுக்கு?”

“எனக்கென்ன பயம்? நீ நிம்மதியா இரு.”

“இது அவர் இல்ல சிஸ்டர்! விளக்கை அணைச்சா என் கையைத் தேடுற மனுஷன் அவர். அதை அவர் யாருக்கும் எழுதினதில்ல.”

நீலோஃபர் தயங்கினாள். பிறகு கட்டிலருகே குனிந்து, அதுவரை யாரும் கேட்காததைக் கேட்டாள்.

“சார், வீட்டுக்குப் போறீங்களா?”

தயாளன் கண்ணை மூடித் திறந்தார். கன்னம் நனைந்தது.

மேலிடத்துக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியாமலே நீலோஃபர் வண்டியைத் திருப்பி அனுப்பினாள்.