இலக்கு நாள்

என் மனைவி மிருதுளா வேலை மேசையிலேயே இறந்துபோனாள். எங்கள் நிறுவனத்தில் இறந்தவரின் ஆண்டு இலக்கு வீட்டில் இருப்பவர்களுக்கு வந்துவிடும். அவளுடையதையும் நான்தான் முடிக்க வேண்டும்.

இன்று காணொளியில் இலக்கு நாள் கூட்டம். இதில் யார் எந்த ஆசையைச் சொன்னாலும் அது அவருடைய இலக்காகப் பதிவாகிவிடும். மகள் இதழினியை உள்ளறையில் விளையாடச் சொல்லியிருந்தேன்.

திரையில் தலைவர் சிரித்தார். "அடுத்த வருஷம் ரெண்டு மடங்கு. தனியா எப்படி முடிப்பீங்க பிரசன்னா? வீட்ல வேற யாரு இருக்கா?"

"யாரும் இல்ல சார்."

கதவு திறந்தது. "அப்பா பொய் சொல்றாரு அங்கிள், நான் இருக்கேன்!"

"அடடே, வாங்க மேடம்! பெரியவளானா யாரு மாதிரி ஆகணும்?"

அவள் வாயைப் பொத்த ஓடினேன்.

"அம்மா மாதிரி!"

திரையில் எல்லோரும் கைதட்டினார்கள்.