ஒரு நாள் தள்ளி

மலைப்பிளவு நாள்தோறும் விரிந்த அளவுகளைக் கணினியில், மீச்சிறு வர்க்கம் என்ற கணித முறையில் பொருத்தியபோது, நாளை மாலை மண் சரியும் என்றது வளைகோடு. அடிவாரக் குடியிருப்பைக் காலிசெய்யத் தொடங்கிவிட்டார்கள். அந்தக் கணக்கைப் போடும் நிரலை எழுதிய பொற்கொடிக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. காலையில் அந்த நிரல், அளவு வரிசையின் எல்லை தாண்டியதாகப் பிழை சொல்லி நின்றுபோனபோது, அவசரத்தில் நாள் எண்ணோடு ஓர் ஒன்றைக் கூட்டி ஓடவைத்திருந்தாள். மறுபடி திறந்து பார்த்தாள். ஒவ்வோர் அளவும் மறுநாளின் கணக்கில் உட்கார்ந்திருந்தது. திருத்தியதும் வளைகோடு ஒரு நாள் முன்னே நகர்ந்தது. அடிவாரத்தில் ஆட்களை வெளியேற்றிக்கொண்டிருந்த செல்வினை போனில் பிடித்தாள்.

“அண்ணா, நாளைக்கு இல்ல. இன்னைக்கு சாயங்காலம்.”

“எல்லாரும் சாமான் ஏத்திக்கிட்டிருக்காங்கம்மா…”

“சாமானை விடுங்க, ஆளுங்கள ஏத்துங்க!”

அணைக்காத போனில், அவர் வீடு வீடாகப் பெயர் சொல்லிக் கூவிக்கொண்டு ஓடுவது கேட்டது. ஜன்னலில் வெயில் சாயத் தொடங்கியிருந்தது.