இருபத்தொன்று முதல் முப்பது வரை

கும்பகோணத்துத் தனியார் மருத்துவமனையில், தீவிர சிகிச்சைப் பிரிவின் எல்லா நோயாளிகளையும் காட்டும் பொதுத்திரையிலிருந்து, நோயாளி ரெமிஜியஸின் இதயத்துடிப்புக் கோடு மறைந்துவிட்டது. சர்வர் அறையில், நெட்வொர்க்கைக் கவனிக்கும் சுமையா இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலில் தேடுகிறாள். போனில் நர்ஸ் எல்சி பதறுகிறார்: "ஆறு கட்டிலு, நான் ஒருத்தி. யாரு பக்கத்துலம்மா நிக்கிறது? சீக்கிரம் பாரும்மா." ரெமிஜியஸின் மானிட்டருக்கென ஒதுக்கிய ஐ.பி. முகவரியை, அதாவது நெட்வொர்க்கில் அதற்குரிய எண்ணை, மருந்தகத்தில் இன்று காலை மாட்டிய புதுப் பிரிண்டர் பிடித்துக்கொண்டிருக்கிறது. சுமையா அதைத் துண்டிக்கிறாள். நாலு நொடியில் போனில் எல்சி: "வந்துடுச்சும்மா!" பிரிண்டரை மாட்டியவர்மேல் குற்றமில்லை. எந்த முகவரிகளைத் தொடக்கூடாது என்பதை மூன்று வருடமாகத் தன் மனத்தில் மட்டுமே வைத்திருந்தவள் அவள்தான். நெட்வொர்க்கின் கட்டமைப்புக் கோப்பைத் திறந்து தட்டுகிறாள்: "முகவரி எண் 21 முதல் 30 வரை: நோயாளிகளின் மானிட்டர்களுக்கு. வேறு எதற்கும் கொடுக்காதீர்கள்." சேமித்த பிறகும் விரல் விசையை விட்டு எழவில்லை.