ஐயாவுக்குப் பயம்

“அந்த மோட்டாரை இன்னொரு தடவை ஓட்டுங்க அங்கிள்,” என்றான், நாற்காலியில் காலை நீட்டிப் படுத்திருந்த ஐந்து வயதுப் பையன். பல் டாக்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வெளியே பெஞ்சு நிறைய ஆட்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். இங்கே இவனுக்கு மூன்றாவது முறையாக வேடிக்கை காட்டிக்கொண்டிருக்கிறோமே என்று அவருக்கு எரிச்சல். நர்ஸ் வேறு கடிகாரத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

எல்லாம் பையனின் அம்மா போனில் கெஞ்சியதால் வந்த வினை. “எங்க ஐயாவுக்குக் கடவாய்ப்பல் சொத்தை டாக்டர். ஊசின்னாலே ஆகாது. போன இடத்துல செருப்பைக்கூட விட்டுட்டு ஓடி வந்துட்டாரு. ராத்திரி முழுக்க அனத்தல், நான் தூங்கியே மூணு வாரமாச்சு,” என்று அழாத குறையாகச் சொன்னாள். எடுத்த எடுப்பில் வாயில் கை வைக்க வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமாகப் பழகட்டும் என்றும் கேட்டுக்கொண்டாள்.

பெற்ற பிள்ளையை ‘அவரு, இவரு’ என்று கொஞ்சுகிற அம்மாக்கள் டாக்டருக்குப் புதிதில்லை. பயத்தைப் பழக்கத்தால் போக்கலாம் என்று அவரும் படித்தவர்தான். சரி, கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார்.

முதல் நாள் குடும்பமே வந்தது. டாக்டர் பையனைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்து, மேலே ஏற்றி இறக்கினார். “நல்ல யோசனை டாக்டர், இப்படியே பண்ணுங்க,” என்றாள் அம்மா.

பையன் ராட்டினத்தில் ஏறியவன் மாதிரி சிரித்தான். அடுத்த முறை கண்ணாடி, தண்ணீர்க் குழாய். அதற்கும் சிரிப்புதான். வாயைத் திறக்கச் சொல்லலாமா என்றால், இன்றைக்குப் பார்த்தால் மட்டும் போதும் என்று அம்மா தடுத்துவிட்டாள்.

பயந்த பிள்ளையைப் பழக்கலாம். பயமே இல்லாத பிள்ளையை எதற்குப் பழக்குவது? டாக்டருக்கு அதுதான் புரியவில்லை. ஆனால் அந்த அம்மா விடுவதாக இல்லை. ஒவ்வொன்றையும் நிதானமாகச் செய்யச் சொன்னாள், வலிக்காது என்பதை இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லச் சொன்னாள். சொன்னதையே சொல்லிச் சொல்லி அவருக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

பையனின் அப்பா மூலையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மூன்று முறையும் மனிதர் தலையிலிருந்து ஹெல்மெட்டைக் கழற்றவில்லை, வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசவும் இல்லை. இந்த அம்மாவுக்கு வாழ்க்கைப்பட்டவர் வேறென்ன செய்வார் என்று டாக்டர் மனதுக்குள் இரக்கப்பட்டுக்கொண்டார்.

“ஊசியை எடுங்க டாக்டர். குத்த வேணாம், சும்மா கன்னத்துக்கிட்ட கொண்டு போய்க் காட்டுங்க,” என்றாள் அம்மா.

டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு காட்டினார். பையன் ஊசியைத் தொட்டுப் பார்க்கக் கை நீட்டினான். மூலையில் ஸ்டூல் கிறீச்சிட்டது.

“இன்னிக்கும் நடக்கலைன்னா என்னால முடியாது டாக்டர்.” அம்மாவின் குரல் உடைந்தது. “சாப்பாடு இறங்கல. வீக்கம் காது வரைக்கும் வந்துடுச்சு.”

வீக்கமா? டாக்டர் பையனின் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டு கன்னமும் ஒரே அளவில்தான் இருந்தன. விளக்கை இழுத்து, வாயைத் திறக்கச் சொல்லி, கடைசிப் பல் வரை தட்டிப் பார்த்தார். ஒரு கறைகூட இல்லை.

அத்தனை நாள் அடக்கி வைத்திருந்த பொறுமை அதோடு போயிற்று. “எந்தப் பல்லைம்மா நான் எடுக்கணும்?” என்று கத்தியே விட்டார்.

அம்மா அறைக் கதவைச் சாத்தி, அதன்மேல் சாய்ந்து நின்றுகொண்டாள்.

பையன் நாற்காலியிலிருந்து சறுக்கி இறங்கி, மூலையைப் பார்த்துச் சொன்னான்.

“நான் இறங்கிட்டேன்ப்பா, நீ ஏறு.”