மருதம்பட்டைக் கஷாயம்

“டாக்டரம்மா, நேத்தைவிட இன்னைக்கு நெஞ்சு ஜாஸ்தியா அடிக்குதுங்க,” என்றபடி நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தாள் மூக்கம்மா.

டாக்டர் கெஸியா அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். உண்மைதான். நாடி தறிகெட்டு ஓடியது. ரத்த அழுத்தமும் ஏறியிருந்தது.

மலையூரான அரவேணுவில் மூடிக் கிடந்த தேயிலை ஃபேக்டரியின் ஓர் அறையில் நடந்துகொண்டிருந்தது அந்த ஆராய்ச்சி. மருதம்பட்டைக் கஷாயமும் தினசரி நடையும் இதயத்துக்கு உண்மையிலேயே நல்லதா என்று கண்டுபிடிக்க வந்திருந்தாள் கெஸியா. தேயிலை விலை விழுந்ததில் வேலை இழந்தவர்களில் லேசான ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் ஆர்வமாகச் சேர்ந்திருந்தார்கள். கஷாயம், நடை, மத்தியானச் சாப்பாடு எல்லாம் அங்கேயேதான்.

ஆரம்பத்தில் எல்லாம் நன்றாகத்தான் போனது. முதலில் குணமானவர் கந்தன். அவருக்குச் சால்வை போர்த்தி, “இனிமே நீங்க வர வேண்டாம்ங்க,” என்று சந்தோஷமாக அனுப்பிவைத்தாள் கெஸியா.

அதற்குப் பிறகு ஒருவருக்கும் குணமாகவில்லை. தேறி வந்தவர்களுக்குக்கூட நாடி எகிறத் தொடங்கியது.

“உங்களுக்கு எப்படி இருக்குங்க?” என்று அடுத்து வந்த ஆறுக்குட்டியைக் கேட்டாள்.

“மூச்சு வாங்குதுங்க. பேச முடியலீங்க.”

“வீட்டுல வேற ஏதாவது மருந்து சாப்பிடறீங்களா?”

“ஐயோ, இல்லீங்க. நீங்க குடுக்கற கஷாயந்தானுங்க.”

அவர் நாடியும் எகிறித்தான் இருந்தது.

மாலையில் உதவியாளர் பிராங்ளினிடம், “பி.பி. மெஷின் சரியா இருக்கா?” என்றாள்.

“புதுசே மாத்தியாச்சு மேடம். பட்டையையும் லேப்ல பார்த்தாச்சு. கலப்படம் எதுவும் இல்ல.”

“அப்புறம் ஏன்? அங்க பாருங்க, எல்லாரும் சிரிச்சுப் பேசிக்கிட்டு மேடேறிப் போறாங்க. காலையில மட்டும் ஏன் இப்படி வர்றாங்க?”

“எனக்கும் ஒண்ணும் புரியல மேடம்.”

கெஸியா அன்றைய அளவுகளைக் குறித்த நோட்டை மூடினாள். பிறகு, “நம்ம கஷாயமே அவங்க நெஞ்சைக் கெடுக்குதோ என்னவோ! யாருக்காவது ஒண்ணு ஆயிட்டா என்னால தாங்க முடியாது. நாளையோட நிறுத்திடலாம்,” என்றாள்.

மறுநாள் அதை நேரில் சொல்லிவிட, வழக்கத்தைவிட முன்னதாகவே வந்தாள். அறை காலியாக இருந்தது. ஃபேக்டரிக்குப் பின்னாலிருந்து திடுதிடுவென்று சத்தம் கேட்டது. பின்கதவைத் திறந்தாள்.

மூடுபனிக்குள், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, செங்குத்தான மேட்டில் ஓடிக்கொண்டிருந்தாள் மூக்கம்மா. அவளுக்கு முன்னால் ஆறுக்குட்டி. பின்னால் மற்ற நோயாளிகள் அத்தனை பேரும்.

“இன்னொருக்கா ஏறுங்க!” என்று திரும்பிக் கத்தினார் ஆறுக்குட்டி. “இப்பல்லாம் எத்தனை ஓடினாலும் லேசுல மூச்சு வாங்க மாட்டேங்குது. டாக்டரம்மா வர்றதுக்குள்ள நெஞ்சு படபடன்னு அடிக்கோணும். குணமாயிருச்சுன்னு ஊட்டுக்கு அனுப்பிட்டாங்கன்னா, இங்க போடற மத்தியானச் சோத்துக்கு எங்க போறது?”