பிரிக்காத கூடாரம்

"நீர் வாயைத் திறக்கப்படாது, சொல்லிப்போட்டன். கதைக்கிறது முழுக்க நான்."

நெல்லியடியில் பஸ்ஸால் இறங்கியதும் தேவராசா மனைவிக்கு மூன்றாவது தடவையாகச் சொன்னார். அவர் தோளில் சுருட்டிய கூடாரம் ஒன்று தொங்கியது. அதன் கயிறு எங்கேயோ தொலைந்துவிட்டதால் வாழைநாரால் கட்டியிருந்தார். நீர்வேலி வாழைத்தோட்டக்காரருக்கு நாருக்கா பஞ்சம்?

"பொய் சொல்லாமல் குடுக்கேலாதோ?" என்றாள் கேதீஸ்வரி.

"பாவிச்சனாங்கள் எண்டால் ஆர் காசு தருவினம்? இண்டைக்கு அம்பத்தெட்டாம் நாள். அறுபது தாண்டினால் கூடாரத்துக்குக் குடுத்த பதினெண்ணாயிரமும் போச்சு. பிள்ளைப்பெறுவுக்கு எண்டு வைச்ச காசு, ஞாபகம் கிடக்கோ?"

கிடக்காமலா? மகள் பிரசாந்திக்குக் கலியாணமாகி எட்டு வருடம் கழித்து இப்போதுதான் வயிற்றில் ஒரு பிள்ளை தங்கியிருக்கிறது. அடுத்த மாதம் பேறு. பிள்ளை தங்கினால் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு நடந்தே வருகிறேன் என்று கேதீஸ்வரி நேர்ந்திருந்தாள்.

காட்டுவழியில் மழை வந்தால் எங்கே படுப்பீர்கள் என்று பிரசாந்திதான் கைபேசியில் தேடி, வெளிநாட்டில் பாவித்த கூடாரம், சப்பாத்து, முதுகுப்பை எல்லாம் விற்கும் பக்கமொன்றைக் காட்டினாள். 'பிடிக்காவிட்டால் அறுபது நாளுக்குள் திருப்பித் தரலாம். முழுக் காசும் தருவோம். காரணம் கேட்கமாட்டோம்' என்று அதில் போட்டிருந்தது. அதைப் படித்த அந்த நிமிடமே தேவராசாவின் மூளை வேலை செய்யத் தொடங்கிவிட்டது.

நாற்பத்தாறு நாள் நடந்தார்கள். வந்து, கிணற்றடியில் போட்டுக் கூடாரத்தைத் தேய்த்துக் கழுவி, காயவைத்து மடித்தார்கள். இதோ, நெல்லியடி.

"முருகனைக் கும்பிட்டு வந்த கால்நோ இன்னும் மாறேல்லை. அதுக்குள்ளை பொய் சொல்லுறதோ? பிள்ளை சுகமாப் பிறக்கவேணுமெல்லே..." என்றாள் கேதீஸ்வரி. அவளுக்கு உண்மையாகவே பயமாக இருந்தது.

"நேர்த்தி உம்மடை. பொய் என்ரை. அதுவும் இதுவும் ஏன் முட்டப்போகுது?"

கடை என்பது ஒரு வீட்டின் முன்னறைதான். சுவரில் யேசுநாதர் படம் மாட்டியிருந்தது. அதைக் கண்டதும் தேவராசாவின் முகம் மலர்ந்தது. மனைவியின் காதுக்குள் குனிந்தார்.

"வேதக்காரப் பிள்ளை. கதிர்காமம் எத்தினை நாள் நடை எண்டு உவவுக்கு எங்கை தெரியப்போகுது?"

கடைக்காரி தேவமலர் வெளியே வந்தாள். நாற்பது வயதிருக்கும்.

"வாங்கோ ஐயா. திருப்பிக் குடுக்கவோ?"

"ஓம் பிள்ளை. பிரிக்கவே இல்லை. நீர் கட்டி அனுப்பினபடி அப்பிடியே கிடக்குது."

தேவமலர் வாழைநாரைப் பார்த்தாள். கூடாரத்தை வாங்கி வைத்துவிட்டு மேசைக்குப் பின்னால் அமர்ந்தாள்.

"எங்கையாவது சுத்திப் பாக்கப் போவம் எண்டு வாங்கினது. மனுசிக்கு முழங்கால் வருத்தம். படலை தாண்டி நடக்கமாட்டா."

கதிர்காமம் வரை நடந்துவிட்டு வந்தவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"காரணம் ஒண்டும் தேவையில்லை ஐயா" என்று தேவமலர் மேசை லாச்சியை இழுத்துக் காசை எடுத்தாள். தேவராசா அத்தோடு விட்டிருக்கலாம். வாய் விடவில்லை.

"உள்ளுக்கை ஒருக்கா எட்டிக்கூடப் பாக்கேல்லை, பிள்ளை."

காசு கைக்கு வந்தது. அவர் திரும்பிக் கதவடிக்கும் வந்துவிட்டார்.

"பிள்ளை, பொறும் ஒருக்கா." கேதீஸ்வரி கணவரின் கையிலிருந்த காசைப் பறித்து மேசையில் வைத்தாள். "இவர் சொன்னது முழுக்கப் பொய். நாங்கள் யாத்திரை போனனாங்கள். நாப்பத்தாறு நாளும் இதுக்குள்ளைதான் படுத்தெழும்பினது. மகளின்ரை வயித்துப் பிள்ளைக்காண்டி நடந்த நடை அது. பொய் சொல்லி வாங்கின காசிலை என்ரை பேரப்பிள்ளை பிறக்கவேண்டாம்."

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். தேவராசாவின் புளுகு எட்டு நிமிடமும் தாங்கவில்லை. அவர் வாங்குப் பலகையில் உட்கார்ந்து தலையில் கைவைத்துக்கொண்டார்.

தேவமலர் கோபிக்கவில்லை. எழுந்துபோய்ப் பக்கத்து அறைக் கதவைத் திறந்தாள். உள்ளே சுவரோரம் முழுக்க மடித்த கூடாரங்கள். விபூதியும் விறகுப் புகையும் கலந்த வாசம் முன்னறைக்கு வந்தது.

"இந்தக் கிழமை மட்டும் பதினொரு பேர் அம்மா. ஒருத்தரும் பிரிக்கவே இல்லையாம். உண்மை சொன்ன முதல் ஆள் நீங்கள்தான்." காசை எடுத்துக் கேதீஸ்வரியின் கைக்குள் வைத்துப் பொத்தினாள். "மகளிட்டைக் குடுங்கோ. எல்லாம் சுகமா நடக்கும்."

தேவராசா நிமிர்ந்தார். "தெரிஞ்சுகொண்டோ இவ்வளவு பேருக்கும் காசைத் திருப்பிக் குடுத்தனீர்? உப்பிடிச் செய்தால் யாவாரம் என்னத்துக்கு ஆகும்?"

"யாவாரம் சப்பாத்திலையும் பையிலையும் நடக்குது ஐயா. நாலு வருசத்துக்கு முந்தி முல்லைத்தீவுப் பக்கம் போகேக்கை, யாத்திரை போற அம்மாமார் ரோட்டோரம் மழையிலை நனைஞ்சுகொண்டு குந்தியிருந்ததைக் கண்டன். மனம் கேக்கேல்லை. அடுத்த வருசம் கூடாரம் எல்லாத்தையும் சந்நிதி வாசலுக்குக் கொண்டுபோனன்."

"பிறகு?"

"நடை நாப்பத்தாறு நாள், கழுவிக் காயவைக்கப் பதினாலு நாள். அறுபதெண்டு கணக்குப் பாத்துத்தான் போட்டனான் ஐயா" என்று தேவமலர் சிரித்தாள். "அண்டைக்குச் சும்மா தாறன் எண்டு கெஞ்சினன், எங்கடை சனம் ஒண்டையும் தொடேல்லை; என்னை ஏமாத்த ஒரு வழி விட்டன், இப்ப ஒண்டும் மிஞ்சிறேல்லை!"